வாகனமில்லாப் பாதையில் ஒரு பஸ்காரர்

"இந்தப் பயணம் தனிமையை நாடும், அனுபவம் மிக்க சைக்கிளோட்டிகளுக்கானது. குறைந்த சுமையோடு பயணிக்கத் தெரிந்தவர்கள், கரடுமுரடான ஏற்றங்களை ரசிப்பவர்கள், உள்ளூர் உணவைத் திறந்த மனதோடு சுவைப்பவர்கள், எதிர்பாராததை இன்முகத்தோடு வரவேற்பவர்கள் எங்களோடு வரலாம். வழியில் ஒரு வாகனத்தையும் நீங்கள் காணமாட்டீர்கள். கடலும், சரளைக் கல்லின் ஓசையும், உங்கள் மூச்சும்தான் துணை."

சிசிலித் தீவின் வடமேற்குக் கரையோரமாக ஒரு வாரச் சைக்கிள் பயணம் நடத்தும் நிறுவனம் ஒன்று, 'யாருக்கு ஏற்றது' என்ற தலைப்பின் கீழ் தன் இணையத்தளத்தில் இப்படி எழுதியிருந்தது. மெல்பேணின் கிழக்கு ஓரத்தில், ரோவிலில் வசிக்கும் டெனிஸ் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "என்னைப் பார்த்து எழுதினமாதிரிக் கிடக்கு" என்றார்.

அவருடைய மனைவி றொஷானி சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். "ஆரைப் பார்த்து?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. தனிமை என்ற ஒன்றை டெனிஸ் தன் ஐம்பத்தாறு வயதுவரை சந்தித்ததே இல்லை. கழிவறைக்குப் போகும்போதுகூட ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் யாரையாவது கைபேசியில் கூட்டிக்கொண்டு போகிறவர். குறைந்த சுமை என்றால், பிலிப் தீவுக்கு ஒரு பகல் போய்வர அவருடைய வான் வண்டியில் ஏறுகிறவை றைஸ் குக்கர், காஸ் அடுப்பு, வீட்டிலுள்ளவர்களுக்கு மடக்குக் கதிரைகள், யாராவது வந்து சேர்ந்தால் என்று இன்னும் சில மடக்குக் கதிரைகள். உள்ளூர் உணவைப் பொறுத்தவரை, வேலையிடத்துக் கிறிஸ்மஸ் விருந்துக்கு இடித்த மிளகாய்த்தூளைச் சின்னப் போத்தலில் போட்டுச் சட்டைப்பையில் கொண்டுபோய், வான்கோழியின் மேல் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை, நல்லாத்தான் சமைச்சிருக்கிறாங்கள்" என்று பாராட்டியவர். தேவாலயத்தில் பாடகர் மாடத்துக்குப் போகும் படிகளில் பாதியில் நின்று, கூரையின் கட்டடக்கலையை வியக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு.

இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் வாகனமே இல்லாத பாதையில் மனிதருக்கு என்ன வேலை? டெனிஸ் பஸ் ஓட்டுகிறவர்.

ரோவிலுக்கு ரயில் வரப்போகிறது என்று அவ்வப்போது யாராவது சொல்வார்கள். ஊரில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்தப் பஸ்களில் ஒன்று டெனிஸுடையது. திங்கள் முதல் வெள்ளிவரை ஸ்டட் றோட்டில் அவர் சைக்கிள்காரர்களைத் திட்டுவார். சனிக்கிழமை விடிந்ததும் இறுக்கமான லைக்ரா உடுப்பை மாட்டிக்கொண்டு அதே வீதியில் பஸ்காரர்களைத் திட்டுவார். இரண்டுக்கும் ஒரே சொற்கள்தான். ஒரு சனிக்கிழமை முழங்கையை உரசுமாப்போல் கடந்துபோன பஸ்ஸின் பின்னால் அவர் கத்தியது சாதாரணமாக அச்சில் வராது. அதை ஓட்டியவர் அவருடைய டிப்போக் கூட்டாளி. திங்கட்கிழமை இருவரும் தேநீர் குடித்துக்கொண்டே, இந்தச் சைக்கிள்காரர்கள் திருந்தமாட்டார்கள் என்று ஒத்துக்கொண்டார்கள்.

நம் ஆண்களுக்கு ஐம்பது வயதில் இரண்டு வியாதிகள் வருகின்றன. ஒன்று சர்க்கரை, மற்றது லைக்ரா. ரோவிலில் இரண்டாவது வியாதி கண்டவர்களெல்லாம் சேர்ந்து 'இரும்புக் கால்கள்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் கூடுவார்கள். அந்த இடத்துக்குச் சைக்கிளைக் காரில்தான் கொண்டுவருவார்கள். அங்கிருந்து லிஸ்டர்ஃபீல்ட் ஏரியைச் சுற்றும் சரளைப் பாதையில் ஒரு வட்டம் ஓடிவிட்டு, ஓடிய நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் கோப்பிக் கடையில் அமர்ந்து அதைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்தக் குழுவுக்கு ஆண்டுதோறும் ஒரு கப்டன். கப்டனுக்கு இரண்டு அதிகாரங்கள்: எந்தக் கடையில் கோப்பி என்று தீர்மானிப்பது, குழுப் படத்தில் நடுவில் நிற்பது. இவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். இதைவிடக் குறைந்த அதிகாரத்துக்காக நம் சங்கங்கள் இரண்டாக உடைந்திருக்கின்றன.

நடப்புக் கப்டன் வெங்கட்ராமன். திருச்சிக்காரர், கணினித் துறையில் பெரிய பதவி. தெற்குப் பிரான்சில் ஒரு மலைப்பாதையை முழுதாக ஓடி முடித்தவர் என்று சொல்லிக்கொள்பவர். சான்றாக ஒரு பெயர்ப்பலகையின் அருகில் சைக்கிளோடு நிற்கும் படம் இருக்கிறது. சைக்கிளின் சக்கரத்தில் மண் இல்லை என்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். கப்டனாக விரும்புகிறவர் வெளிநாட்டில் ஒரு நெடும் ஓட்டத்தை முடித்திருக்க வேண்டும், கைபேசிச் செயலியின் வரைபடத்தில் அவர் ஓடிய நீலக்கோடு தொடக்கம் முதல் இறுதிவரை அறுபடாமல் இருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்ததும் அவர்தான். தன்னுடைய ஓட்டம் அந்தச் செயலி பிரபலமாவதற்கு முந்தியது என்றும் அதே கூட்டத்தில் விளக்கிவிட்டார்.

"யார் வேணா வரலாம் சார். லைன் மட்டும் கட் ஆகக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் வெங்கட்ராமன்.

"அறாது" என்றார் டெனிஸ். அந்த ஒரு சொல்லை அவர் கோப்பிக் கடையில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சிசிலி விவகாரம் அங்கேதான் தொடங்கியது.

ஸ்பெயின் கரை நிரம்பிவிட்டது, குரோஷியக் கரையும் நிரம்பிவிட்டது, அவருக்கு விடுமுறை கிடைத்த செப்டெம்பரில் சிசிலியில் மட்டும்தான் இடமிருந்தது. மத்தியதரைக் கடலில் அவர் போகவே கூடாதென்று வைத்திருந்த ஒரே கரையும் அதுதான். ஏனென்றால் அந்தப் பாதை முடிகிற பலெர்மோ நகரத்தில் அவருடைய அக்கா சூசையம்மா இருந்தார்.

அக்காவோடு சண்டை எதுவும் இல்லை. இருந்தது ஒரு நேர்த்திக்கடன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது டெனிஸுக்கு நெஞ்சு நொந்தது. அவர் பஸ்ஸை ஒழுங்காகத் தரிப்பிடத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து, பயணிகளை அடுத்த பஸ்ஸில் போகச் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் அம்புலன்சுக்கு அடித்தார். ஆஸ்பத்திரியில் இருதயக் குழாய்க்குள் ஸ்ரென்ற் வைத்தார்கள். அதே வாரம் பலெர்மோவில் சூசையம்மா, அந்நகரின் காவல் புனிதையான சாந்த ரொசாலியாவிடம், தம்பி பிழைத்தால் செருப்பில்லாமல் அவளுடைய மலைக்குகைவரை ஏறி வருவான் என்று நேர்ந்துகொண்டார். பலெர்மோவில் கத்தோலிக்கர், சைவர் என்ற பேதமில்லாமல் நம்மவர்கள் ஏறுகிற மலை அது.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் நேர்த்தி வைப்பது ஒரு தனிக் கலை. ஒருவர் நேர்வார், இன்னொருவர் நடப்பார். தாய் நேர்ந்தால் பிள்ளைக்கு மொட்டை. மாமி நேர்ந்தால் மருமகன் மடு மாதா கோயிலுக்கு நடை. இந்த ஏற்பாட்டைப் புனிதர்கள் யாரும் இதுவரை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

டெனிஸ் ஆட்சேபித்தார். "அக்கா, நேர்ந்தது நீங்கள். ஏறவேண்டியது நானோ?"

"நெஞ்சு ஆற்றை?" என்று கேட்டார் சூசையம்மா.

நெஞ்சு யாருடையது என்று வாதாடி வெல்ல வழியில்லை. ஆகவே டெனிஸ் சாட்டுகளில் இறங்கினார். லீவு இல்லை என்றார், முழங்கால் சரியில்லை என்றார், பாஸ்போட் முடிகிறது என்றார். எல்லாம் தீர்ந்ததும் அவருக்கு அறிவியல்மீது திடீர் மரியாதை வந்தது. நேர்த்தியெல்லாம் மூடநம்பிக்கை, ஸ்ரென்ற் வைத்த டொக்டர் எந்த மலையையும் ஏறச் சொல்லவில்லை என்றார். சைக்கிள் இருக்கையின் அடியில் மடு மாதாவின் பதக்கம் ஒன்றைக் கறுப்பு ரேப்பால் ஒட்டி வைத்திருந்தாரே, அது அறிவியலின் எந்தப் பிரிவு என்று யாரும் கேட்கவில்லை.

"பலெர்மோவில போய் இறங்கிப்போட்டு, அக்காவைப் பாக்காமல் வரப்போறீங்களோ?" என்று கேட்டார் றொஷானி.

"நான் சைக்கிள் ஓடப் போறன், சொந்தம் கொண்டாட இல்லை. ஓட்டம் முடிஞ்ச அடுத்தநாள் காலமை பிளேன்."

"அவவுக்குத் தெரிஞ்சால்?"

"ஆர் சொல்லப்போறது? உம்மைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருத்தருக்கும் என்று அவர் சொன்னபோது பிரதீப்குமாரை மறந்துவிட்டார். இரும்புக் கால்களின் செயலாளர் பிரதீப்குமாருக்குச் சுவரொட்டி அடிக்காமல் எதையும் அனுபவிக்கத் தெரியாது. பிறந்தநாளுக்கும் இரங்கலுக்கும் ஒரே வார்ப்பு, நிறம் மட்டும் மாறும். டெனிஸுக்காக அவர் தயாரித்ததில் ஒரு பக்கம் எரிமலை, மறு பக்கம் சிங்கம், நடுவில் ஹெல்மெற்றோடு கைகட்டி நிற்கும் டெனிஸ். 'சிசிலியை நோக்கிச் சீறும் எங்கள் சிங்கம்' என்று மேலே தலைப்பு. கீழே, வாழ்த்துகிறவர்களின் வசதிக்காகப் பயணத் தேதிகள், ஒவ்வொரு நாளும் தங்கும் ஊர், விமான நேரம்.

சுவரொட்டி ரோவிலிலிருந்து லண்டனுக்குப் போய், பாரிஸில் இளைப்பாறி, டெனிஸின் தேநீர் ஆறுமுன் பலெர்மோவை அடைந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் சூசையம்மாவின் பதில் வந்தது. சொல் எதுவும் இல்லை, உயர்த்திய ஒரு கட்டைவிரல் மட்டும். அதைக் கண்டதும் டெனிஸுக்கு ஸ்ரென்ற் வைத்த இடம் ஒருமுறை துடித்தது.

சுவரொட்டியின் இன்னொரு பலன் பொதிகள். ஐரோப்பாவில் சொந்தக்காரர் உள்ள எல்லோரும் ஒவ்வொரு பொதியோடு வந்தார்கள். ஸ்ருட்காட் நகரில் இருக்கும் ஒருவருக்குச் சேலை கொண்டுவந்த அன்ரியிடம், தான் அந்த நாட்டுக்கே போகவில்லை என்று டெனிஸ் விளக்கினார். "பரவாயில்லைத் தம்பி, பக்கத்திலதானே" என்றார் அவர். குறைந்த சுமையோடு பயணிக்கத் தெரிந்த டெனிஸ் இரண்டு பெட்டிகளோடு விமானம் ஏறினார்.

முதல் நாள் விளம்பரம் சொன்னபடியே இருந்தது. பழைய ரயில் பாதையொன்றைச் சரளை போட்டுச் சைக்கிளுக்கு விட்டிருந்தார்கள். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கல்மலை. ஒரு மணி நேரத்தில் டெனிஸுக்கு அமைதி தாங்கவில்லை. நின்று, ரோவிலில் நித்திரைக்குப் போகவிருந்த பிரதீப்குமாரைத் தொலைபேசியில் பிடித்து, "கேக்குதே? ஒரு சத்தமும் இல்லை" என்று உரக்கச் சத்தமிட்டார். மற்றச் சைக்கிள்காரர்கள் முன்னே போய்விட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய டென்மார்க் தம்பதி மட்டும் ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் அவருக்காகக் காத்திருந்தது. அவர்கள் முன்னிலையில் நடக்க வெட்கப்பட்டு டெனிஸ் மிதித்தார். வெட்கம் நல்ல எரிபொருள். ரோவிலில் நீலக்கோடு வளர்வதைப் பார்த்துக் கட்டைவிரல்கள் குவிந்தன.

இரண்டாம் நாள் மதியம் ஒரு வளைவுக்குப் பின்னாலிருந்து ஹோர்ன் கேட்டது.

பாதையின் வாயில்களில் கார் புகாதபடி கல்தூண்கள் நட்டிருந்தார்கள். தூண்களுக்கு நடுவால் சைக்கிள் போகும். விளம்பரம் எழுதியவர்கள் அளந்து பாராத ஒன்று என்னவென்றால், பலெர்மோவில் காய்கறி விற்கிற மூன்று சக்கர வண்டியும் மட்டுமட்டாகப் போகும். வந்தது சூசையம்மாவின் கணவர் பேர்னாட்டின் வண்டி. முன்னால் பேர்னாட், பின்னால் கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் சூசையம்மா, அவருடைய மடியில் துணியால் கட்டிய இடியப்பச் சட்டி.

டெனிஸ் சைக்கிளிலிருந்து இறங்கினார். "அத்தான், இது வாகனம் வரக்கூடாத பாதை."

பேர்னாட் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இது வாகனமோ? கத்தரிக்காய் வண்டி."

சூசையம்மா தம்பியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "மெலிஞ்சு போனாய்" என்றார். எடை இயந்திரங்கள் எதுவும் இதை ஆதரிக்காது. பிறகு லைக்ராவைப் பார்த்தார். "அதுக்காக உள்ளுடுப்போட றோட்டுக்கு வாறதோ?"

வழிகாட்டியாக வந்த இத்தாலியப் பெண்ணுக்கு இது முறையில்லை என்று தெரியும். ஆனால் எதிர்பாராததை இன்முகத்தோடு வரவேற்க வேண்டும் என்று எழுதியது அவளுடைய நிறுவனம்தானே. அவள் ஆறு இடியப்பம் சாப்பிட்டாள். மறுநாள் மதியம் டென்மார்க் தம்பதி வண்டி வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான்காம் நாள், உள்ளூர்ச் சத்திரம் ஒன்றில் ஏற்பாடாகியிருந்த மதிய உணவைக் குழுவே இரத்துச் செய்தது. கடலும் சரளையும் மூச்சும் மட்டுமே துணையாக இருக்கவேண்டிய பாதையில் மூன்று சக்கர வண்டியின் படபடப்பும் சொதியின் வாசமும் சேர்ந்துகொண்டன.

இத்தனை நாளும் சூசையம்மா நேர்த்தியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சாப்பாடு போட்டார், சட்டி கழுவினார், "போட்டு வாறம் தம்பி" என்று வண்டியில் ஏறினார். டெனிஸ் தான் தப்பிவிட்டதாக நம்பத் தொடங்கினார்.

கடைசி நாளுக்கு முதல் நாள், கடலோரப் பழைய காவற்கோபுரத்தின் நிழலில் சூரை மீன் குழம்பு. சூசையம்மா எல்லோருக்கும் அள்ளிப் போட்டுவிட்டுத் தன் தட்டோடு ஓரமாக அமர்ந்தார். டென்மார்க்கு அம்மா டெனிஸிடம் ஏதோ கேட்டார். டெனிஸ் சிரித்தார்.

"அக்கா, இந்த மனுசி கேக்கிறா, நீங்கள் சைவமோ எண்டு. மன்னாரிலயே உங்களைப்போல மீன் தின்னி இல்லையெண்டு சொல்லட்டே?"

சூசையம்மாவின் தட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் இருந்தன. அவர் அதைப் பிசைந்தார்.

"ரெண்டு வருஷம்" என்றார் பேர்னாட்.

"என்ன அத்தான், ரெண்டு வருஷம்?"

"மீன் வாயில வைச்சு ரெண்டு வருஷம். நீ மலை ஏறும்வரைக்கும் தொடமாட்டன் எண்டு அதையும் சேர்த்து நேர்ந்தவ. நான் கொண்டுவாறன், அவ சமைக்கிறா, நான் தனிய இருந்து தின்னுறன்." கடைசிச் சொற்களில் அவருடைய சொந்தத் துயரமும் கொஞ்சம் இருந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அக்கா."

"சொன்னால் நீ மீனுக்காக ஏறுவாய்" என்றார் சூசையம்மா. "ரொசாலியாவுக்காக ஏறோணும்."

டெனிஸ் கையில் இருந்த மீன் துண்டைத் தட்டில் வைத்தார். ஆனாலும் அவர் டெனிஸ். பேரம் பேசாமல் விடமாட்டார்.

"நாளைக்குக் கடைசி ஓட்டம் அக்கா. நாளையிண்டைக்குக் காலமை பிளேன். நாளைக்கு நான் ஓடாட்டில் கோடு அறுந்துபோகும்."

"என்ன கோடு?"

அவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். சூசையம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கரையோரமாக வளைந்து வளைந்து வரும் நீலக்கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார்.

"வடிவாக் கிடக்கு. இதை ஆருக்கு நேர்ந்தனீ?"

நேர்மையான பதில் 'வெங்கட்ராமனுக்கு' என்பது. டெனிஸ் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த பேரத்துக்குத் தாவினார்.

"அப்ப சைக்கிளிலேயே மலையில ஏறினால்?"

"செருப்பில்லாமலோ?"

"மேலவரைக்கும் பஸ் போகுதெல்லோ. அதில போய் இறங்கி, கடைசித் துண்டை மட்டும் நடந்தால்?"

சூசையம்மா குழம்புச் சட்டியை மூடினார். மூடியின் சத்தம்தான் பதில்.

ரோவிலில் சனிக்கிழமை பிற்பகல். டெனிஸின் வீட்டில் இரும்புக் கால்கள் கூடியிருந்தார்கள். தொலைக்காட்சியில் ஃபுட்டிப் பந்தாட்டத்தின் இறுதிச்சுற்று சத்தமின்றி ஓடியது. மேசையில் 'கப்டன் டெனிஸ்' என்று நீல ஐசிங்கால் எழுதிய கேக். சிசிலியில் அப்போது காலை. பிரதீப்குமார் கைபேசியிலிருந்த வரைபடத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றினார். ஃபுட்டி பார்த்துக்கொண்டிருந்த இருவர் முனகினார்கள்.

நீலப் புள்ளி நகரத் தொடங்கியது.

"வேகத்தைப் பாருங்கோ" என்றார் பிரதீப்குமார். "மணிக்கு நாப்பது. டெனிஸ் அண்ணை பறக்கிறார்."

வெங்கட்ராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏத்தத்துலயா நாப்பது? இது சைக்கிள் இல்ல சார். எஞ்சின்."

"காத்து உதவியா இருக்கும்."

"காத்து எப்படி சார் டிராபிக் லைட்ல நிக்கும்?"

எல்லோரும் தொலைக்காட்சியை நெருங்கினார்கள். புள்ளி கரையை விட்டு நகரத்துக்குள் புகுந்திருந்தது. சந்திகளில் நின்று நின்று போனது. பிறகு ஒரு மலையடிவாரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி அசைந்தபோது வேகம் அட்டைப்பூச்சியின் வேகம்.

"இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டார் பிரதீப்குமார்.

"ரயர் காத்துப் போச்சோ?" என்றார் ஒருவர்.

றொஷானி குசினியிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்தார். காலையிலேயே டெனிஸ் அவருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதில் அவர் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: கேக்கை வெட்டாதையும்.

"நடக்கிறார்" என்றார் றொஷானி. "மச்சாள் வைச்ச நேர்த்தி. செருப்பில்லாமல்."

அறையில் இருந்தவர்களில் பாதிப்பேரின் பெயரில் ஊரில் எங்கேயோ யாரோ வைத்த நேர்த்தி நிலுவையில் இருந்தது. அதனால் யாரும் சிரிக்கவில்லை. சிலர் சோபாவில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வெங்கட்ராமன் மட்டும் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர்தான், விதி என்று வந்துவிட்டால் மட்டும் இளகமாட்டார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. மனசுக்கு ரொம்ப நிறைவா இருக்கு. ஆனா லைன் கட் ஆயிடுச்சு."

"ஓம் வெங்கட் அண்ணா, அறுந்துபோச்சு" என்று கத்தியை நீட்டினார் றொஷானி. "நீங்கள் வெட்டுங்கோ. 'கப்டன்' எண்டு எழுதின துண்டு உங்களுக்கு. 'டெனிஸ்' எண்டு எழுதினதைப் பெட்டியில வைச்சிடுறன், வந்து தின்னட்டும்."

அத்தானின் வண்டியில் அடிவாரத்தில் வந்திறங்கிய டெனிஸ் அப்போது மலையில் முனகிக்கொண்டிருந்தார். கல் பாவிய பழைய யாத்திரைப் பாதை அது, வாகனம் ஏற முடியாதது. விளம்பரத்தில் எழுதியது கடைசியில் அங்கேதான் பலித்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் நின்று நகரத்தின் அழகை வியந்தார். கீழே துறைமுகம், கிரேன்கள், வெயிலில் பளபளக்கும் கடல். ஸ்ரென்ற் வைத்த டொக்டர் இதை அறிந்தால் என்ன சொல்வார் என்றார். கல் சுடுகிறது என்றார். லைக்ராவுக்கு மேல் அக்கா கட்டிவிட்ட பேர்னாட்டின் சாரம் தடக்குகிறது என்றார்.

தூரத்து வீதியில் பஸ் ஒன்று ஏறிப்போகும் சத்தம் கேட்டது. டெனிஸ் நின்று காதைக் கொடுத்தார்.

"கியர் பிழையாப் போடுறான்" என்றார்.

"நீ கதைக்காமல் நட" என்றார் சூசையம்மா. அவருக்கு அறுபத்திரண்டு வயது. வாராவாரம் ஏறுகிறவர், மூச்சு வாங்கவில்லை. அவரும் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார். நேர்ந்தபோது தன் கால்களை அவர் சேர்த்திருக்கவில்லை.

"நீங்கள் ஏன் அக்கா செருப்பில்லாமல்?"

"நீ நடுவில திரும்பி ஓடினால் கலைச்சுப் பிடிக்க."

அக்டோபரில் இரும்புக் கால்களின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. வெங்கட்ராமன் ஏகமனதாக மறுபடி கப்டன். கோப்பிக் கடை இப்போது இன்னும் தூரத்தில் இருக்கிறது, ஆகவே எல்லோரும் அங்கே காரில் போகிறார்கள். டெனிஸ் பழையபடி திங்கள் முதல் வெள்ளிவரை சைக்கிள்காரர்களையும், சனிக்கிழமைகளில் பஸ்காரர்களையும் திட்டுகிறார். நேர்த்தி மூடநம்பிக்கைதான் என்ற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தன் கடைசி மருத்துவப் பரிசோதனை நன்றாக வந்ததற்குக் காரணம் சைக்கிள்தான் என்கிறார். ஸ்ருட்காட்டுக்குப் போகவேண்டிய சேலையை அக்காவின் வீட்டில் விட்டுவிட்டு வந்தார், அது இன்னும் அங்கேயே இருக்கிறது. பயண நிறுவனம் அனுப்பிய பட்டியலில் அவருடைய பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது.

டெனிஸ் பலெர்மோவில் அந்தச் சனிக்கிழமை குகைவரை வெறுங்காலோடு ஏறி, இறங்கி, அக்காவின் வீட்டுக்குப் போய், மீன் சட்டியிலிருந்து முதல் துண்டை எடுத்துச் சூசையம்மாவின் தட்டில் வைத்தார்.